கிளிக்கு டென்ஷனா? எச்சம் சொல்லும் ரகசியம்!

குட்டீஸ், உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் அம்மா என்ன செய்வார்? நெற்றியில் கை வைத்துப் பார்ப்பார். டாக்டரிடம் போனால் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்து, "நூற்றிரண்டு டிகிரி" என்பார். சரி, மனசுக்குள் பயமோ கவலையோ இருந்தால்? "நாளைக்குக் கணக்குப் பரீட்சை, பயமாக இருக்கிறது" என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

கூண்டுக்குள் இருக்கும் ஒரு கிளி எப்படிச் சொல்லும்?

"அதுதான் நன்றாகப் பேசுகிறதே! எங்கள் தெருவில் ஒரு வீட்டுக் கிளி, யார் வந்தாலும் 'அக்கா வா' என்று கூப்பிடும். அதற்கு என்ன கவலை?" என்று நீங்கள் கேட்கலாம். கிளி பேசுகிறது என்பது உண்மைதான். ஆனால், பேசுகிற கிளி சந்தோஷமாகத்தான் இருக்கிறது என்று நமக்கு எப்படித் தெரியும்? அதைத் தொடாமல், பிடிக்காமல், ஊசி குத்தாமல் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும் என்கிறார்கள் விஞ்ஞானிகள். அதற்கு அவர்கள் தேடுவது என்ன தெரியுமா? கிளியின் எச்சம்! முகத்தைச் சுளிக்காதீர்கள். விஷயம் சுவையானது.

கிளி ஊர்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், வன்னியம்பட்டிப் பக்கத்துக் குழந்தைகளுக்குக் கிளியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மேற்கே மலைத்தொடர், கீழே தென்னந்தோப்பும் மாந்தோப்பும். சாயங்காலம் ஆனால் போதும், 'கீ... கீ...' என்று கத்திக்கொண்டு பச்சைக் கிளிகள் கூட்டம் கூட்டமாகப் பறந்து போகும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலுக்குப் போயிருக்கிறீர்களா? ஆண்டாளின் இடது கையில் ஒரு கிளி இருக்கும். அது உயிருள்ள கிளி அல்ல. மரக் கிளியும் அல்ல. இலையாலும் பூவாலும் தினமும் புதிதாகச் செய்யப்படும் கிளி. மாதுளம்பூவில் அலகு, மரவள்ளி இலையில் உடம்பு, கட்டுவதற்கு வாழை நார். இதைச் செய்வதற்கென்றே தலைமுறை தலைமுறையாகக் கைப்பழக்கம் உள்ளவர்கள் இருக்கிறார்கள். ஒரு நாள் வைத்த கிளி மறுநாள் இல்லை. மறுநாளுக்குப் புதுக் கிளி.

இலைக் கிளிக்குக் கவலை இல்லை. வாடினால் புதிதாகச் செய்துகொள்ளலாம். உயிருள்ள கிளியின் கதை வேறு. நம் பச்சைக் கிளி கூண்டில் 20 ஆண்டுகளுக்கு மேலும் உயிர் வாழக்கூடியது. அத்தனை ஆண்டுகளும் அது எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்வது அவசியம் அல்லவா?

டென்ஷன் என்றால் என்ன?

ஒரு நாய் உங்களைத் துரத்துகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இதயம் 'படபட' என அடிக்கும். மூச்சு வாங்கும். கால்களுக்கு எங்கிருந்தோ வேகம் வந்துவிடும். சாதாரண நாளில் தாண்ட முடியாத சுவரைக்கூடத் தாண்டிவிடுவீர்கள்!

இந்த வேலையைச் செய்வது நம் சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி. மூளை "ஆபத்து!" என்று செய்தி அனுப்பியதும், இந்தச் சுரப்பி சில ஹார்மோன்களை ரத்தத்தில் கலக்கிறது. அவற்றில் ஒன்று, மனிதர்களிலும் யானைகளிலும் கார்டிசால். பறவைகளில் அதன் உறவுக்கார ஹார்மோன், பெயர் கார்டிகோஸ்டிரோன். பெயர் நீளமாக இருக்கிறதா? நாம் அதை 'டென்ஷன் ஹார்மோன்' என்றே வைத்துக்கொள்வோம்.

டென்ஷன் ஹார்மோன் கெட்டது அல்ல. பருந்து பாயும்போது கிளி தப்பிக்க உதவுவதும் அதுதான். உடம்பில் சேர்த்து வைத்த சக்தியை எடுத்து, உடனே செலவுக்குக் கொடுக்கிறது. ஆபத்து போனதும் ஹார்மோன் அளவு குறைந்துவிடும்.

ஆனால், ஆபத்து போகவே இல்லை என்றால்? கூண்டுக்குப் பக்கத்திலேயே பூனை படுத்திருக்கிறது. நாள் முழுக்க டி.வி. சத்தம். பறக்க இடமில்லை. பேசத் துணையில்லை. இப்படி நாள் கணக்கில், மாதக் கணக்கில் அந்த ஹார்மோன் ஊறிக்கொண்டே இருந்தால் உடம்பு கெட்டுப்போகும். நோயை எதிர்க்கும் சக்தி குறையும்.

தொட்டால் கெட்டது!

"அப்படியானால் கிளியின் ரத்தத்தைக் கொஞ்சம் எடுத்துச் சோதித்துவிடலாமே?" என்பீர்கள். அங்கேதான் சிக்கல்!

தூங்குகிற தம்பியை போட்டோ எடுக்க ஆசைப்படுகிறீர்கள். பிளாஷ் போட்டு 'கிளிக்' செய்கிறீர்கள். வெளிச்சத்தில் அவன் விழித்துக்கொள்கிறான். படத்தில் இருப்பது தூங்கும் தம்பியா? இல்லை, முழித்து அழும் தம்பி!

ரத்தப் பரிசோதனையும் இப்படித்தான். கிளியைப் பிடிக்கக் கை நீட்டியதுமே அது பயந்துவிடுகிறது. பிடித்த சில நிமிடங்களிலேயே ரத்தத்தில் டென்ஷன் ஹார்மோன் ஏறத் தொடங்கிவிடும். அதனால், பறவையைப் பிடித்த மூன்று நிமிடத்துக்குள் ரத்தம் எடுத்துவிட வேண்டும் என்று விஞ்ஞானிகள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். கொஞ்சம் தாமதித்தாலும், கிளியிடம் முன்பே இருந்த கவலையை அளக்க மாட்டோம். நாம் கொடுத்த பயத்தைத்தான் அளப்போம். மேலும், கிளியோ சிறிய உடம்பு. அடிக்கடி ரத்தம் எடுக்கவும் முடியாது.

கிளி தன் பாட்டுக்கு இருக்க வேண்டும். நமக்கும் விடை கிடைக்க வேண்டும். என்ன செய்யலாம்?

எச்சத்தில் எழுதிய கடிதம்

ரத்தத்தில் கலந்த ஹார்மோன் அங்கேயே தங்கிவிடுவதில்லை. கல்லீரல் அதைத் துண்டு துண்டாக உடைக்கிறது. அந்தத் துண்டுகள் குடல் வழியாகவும் சிறுநீர் வழியாகவும் வெளியேறுகின்றன. பறவைகளுக்கு இரண்டுக்கும் ஒரே வாசல்தான். எச்சத்தைப் பார்த்திருப்பீர்களே... பச்சையாகவோ கறுப்பாகவோ இருப்பது மலம். வெள்ளையாகச் சுண்ணாம்பு போல் இருப்பது யூரிக் அமிலம். சுற்றி நீர் போல இருப்பதும் சிறுநீர்தான்.

கிளி பயந்த சில மணி நேரத்தில், அந்தப் பயத்தின் அடையாளம் எச்சத்தில் வந்துவிடும். யானை போன்ற பெரிய விலங்கில் இதற்கு ஒரு நாளுக்கு மேல் ஆகும். அதாவது, இன்றைய எச்சம் சற்று முன் நடந்ததைப் பற்றிய கடிதம்! நாம் அதைப் பிடிக்கவும் இல்லை, பயமுறுத்தவும் இல்லை. அது தானே எழுதிப் போட்டுவிட்டது.

விஞ்ஞானிகள் கூண்டுக்கு அடியில் சுத்தமான பிளாஸ்டிக் தாளை விரிப்பார்கள். எச்சம் விழுந்ததும் எந்தக் கிளி, என்ன நேரம் என்று குறித்துக்கொண்டு சிறு குப்பியில் எடுப்பார்கள். உடனே உறைய வைப்பார்கள். பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி செல்சியஸ் குளிரில்! இல்லாவிட்டால் பாக்டீரியாக்கள் அந்த ஹார்மோன் துண்டுகளை மாற்றிவிடும். பிறகு எச்சத்தைக் காய வைத்துப் பொடியாக்கி, ஆல்கஹாலில் போட்டுக் குலுக்குவார்கள். ஹார்மோன் துண்டுகள் ஆல்கஹாலில் கரைந்து வந்துவிடும். வேகமாகச் சுற்றும் இயந்திரத்தில் வைத்தால் சக்கை அடியில் தங்கும். தெளிந்த நீர் மேலே நிற்கும்.

சீட்டுப் பிடிக்கும் போட்டி

அந்தத் தெளிந்த நீரில் ஹார்மோன் துண்டு எவ்வளவு இருக்கிறது? கண்ணுக்குத் தெரியாதே! அதற்குத்தான் 'எலைசா' என்ற சோதனை. இதைப் புரிந்துகொள்ள, ராஜபாளையத்தில் இருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் ஒரு டவுன் பஸ்ஸைக் கற்பனை செய்யுங்கள்.

பஸ்ஸில் 40 சீட்டுகள். சோதனைக்கூடத்துக்காரர்கள் சிவப்புச் சட்டை போட்ட 40 பையன்களை அனுப்புகிறார்கள். கிளியின் எச்சத்தில் இருந்து வெள்ளைச் சட்டைப் பையன்கள் வருகிறார்கள். எத்தனை பேர் என்று தெரியாது. இரண்டு கூட்டமும் ஒன்றாக ஏறிச் சீட்டுப் பிடிக்கிறது. உட்கார இடம் கிடைக்காதவர்களைக் கண்டக்டர் இறக்கிவிடுகிறார். இப்போது உட்கார்ந்திருக்கும் சிவப்புச் சட்டைகளை மட்டும் எண்ணுங்கள்.

வெள்ளைச் சட்டைகள் 10 பேர் மட்டும் வந்திருந்தால், மொத்தம் 50 பேருக்கு 40 சீட்டு. சிவப்புச் சட்டைகளில் ஏறத்தாழ 32 பேருக்கு இடம் கிடைத்திருக்கும். வெள்ளைச் சட்டைகள் 120 பேர் வந்திருந்தால், மொத்தம் 160 பேருக்கு 40 சீட்டு. சிவப்புச் சட்டைகளில் 10 பேருக்குத்தான் இடம்! ஆக, சிவப்பு குறைந்தால் வெள்ளை அதிகம் என்று அர்த்தம்.

எலைசா சோதனையில் சீட்டுகளாக இருப்பவை ஆன்டிபாடிகள். அந்த ஹார்மோனை மட்டும் பிடித்துக்கொள்ளும் புரதங்கள் அவை. சிவப்புச் சட்டை என்பது நிறம் உண்டாக்கும் அடையாளம் ஒட்டிய ஹார்மோன். கடைசியில் நிறம் வெளிறி இருந்தால் கிளிக்கு டென்ஷன் ஹார்மோன் அதிகம். நிறம் அடர்த்தியாக இருந்தால் குறைவு. எளிமையாக இருக்கிறதல்லவா!

நம் நாட்டில் யார் செய்கிறார்கள்?

ஐதராபாத்தில் 'செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையம்' இருக்கிறது. அதன் ஒரு பிரிவுதான் 'லேகோன்ஸ்' என்ற, அழியும் நிலையில் உள்ள விலங்குகளைக் காப்பதற்கான ஆய்வுக்கூடம். விலங்கைத் தொடாமலே அதன் ஹார்மோனை அளப்பதில் இங்குள்ள விஞ்ஞானிகளுக்கு நல்ல பயிற்சி உண்டு.

ராஜஸ்தானில் சரிஸ்கா காட்டில் புலிகள் ஒன்றுகூட இல்லாமல் போய்விட்டன. அதனால், 2008ஆம் ஆண்டு முதல் வேறு காட்டில் இருந்து புலிகளைக் கொண்டுவந்து விட்டார்கள். புது இடம் அவற்றுக்குப் பிடித்ததா? புலியிடம் போய்க் கேட்க முடியுமா? அதன் எச்சத்தைச் சோதித்தார்கள். மனிதத் தொந்தரவு அதிகம் இருந்த இடத்துப் புலிகளிடம் டென்ஷன் ஹார்மோன் அதிகம் என்று 2015இல் வெளியான ஆய்வு சொன்னது.

நம் நீலகிரி மாவட்டத்து முதுமலையிலும் இப்படி ஓர் ஆய்வு நடந்தது. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்து ஆய்வாளர்கள், முதுமலை, பந்திப்பூர் காடுகளில் யானை நகர்ந்து போகும்வரை காத்திருந்து, புதிய லத்தியைச் சேகரித்தார்கள். கோடையில் புல் காய்ந்து, எலும்பு தெரிய மெலிந்திருந்த யானைகளின் லத்தியில் டென்ஷன் ஹார்மோன் அதிகமாக இருந்தது. இது 2017இல் வெளியானது. யானையின் பசியைச் சாணம் சொல்லிவிட்டது, பாருங்கள்!

இறகைப் பிடுங்கும் கிளி

சரி, கிளிக்கு வருவோம். ஆப்பிரிக்காவில் சாம்பல் நிறக் கிளி ஒன்று உண்டு. பேசுவதில் மகா கெட்டிக்காரக் கிளி. ஆனால், வீட்டில் வளர்க்கும்போது சில கிளிகள் ஒரு விநோதமான காரியம் செய்யும். தன் இறகைத் தானே பிடுங்கிப் போட்டுவிடும். நெஞ்சும் வயிறும் மொட்டையாகிவிடும். தலை மட்டும் அழகாக இருக்கும். ஏன்? அலகு தலைக்கு எட்டாதே!

இத்தாலியில் ஆய்வாளர்கள் இப்படி இறகு பிடுங்கும் சாம்பல் கிளிகளின் எச்சத்தையும், இறகு நன்றாக இருக்கும் சாம்பல் கிளிகளின் எச்சத்தையும் ஒப்பிட்டார்கள். 2016இல் முடிவு வெளிவந்தது. இறகு பிடுங்கும் கிளிகளிடம் டென்ஷன் ஹார்மோன் துண்டுகள் தெளிவாகவே அதிகம்! அந்தக் கிளிகளில் நன்றாகப் பேசக்கூடியவையும் இருந்திருக்கலாம். வாய் ஒன்று சொல்ல, எச்சம் வேறொன்று சொல்லும்.

இந்தப் பழக்கத்தை மாற்ற வழி இருக்கிறதா? அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் அமேசான் கிளிகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். சில கிளிகளுக்கு உணவைத் தட்டில் வைக்காமல், தேடி, துளைத்து, பிரித்து எடுக்கும்படி வைத்தார்கள். ஏறி விளையாடக் கிளைகளும் கயிறுகளும் கொடுத்தார்கள். மற்றக் கிளிகளுக்கு வழக்கமான வெறும் கூண்டு. வெறும் கூண்டுக் கிளிகள் இறகைப் பிடுங்கிக்கொண்டன. வேலை கிடைத்த கிளிகளின் இறகு நன்றாக இருந்தது. பிறகு வெறும் கூண்டுக் கிளிகளுக்கும் அதே வசதியைக் கொடுத்தபோது அவையும் தேறின. இது 2003இல் வெளியான ஆய்வு.

காட்டில் ஒரு கிளி பல மணி நேரம் உணவு தேடி அலைகிறது. கூண்டில் நாம் கொய்யாப்பழத்தை நறுக்கிக் கொடுத்துவிடுகிறோம். பாசமாகத்தான் கொடுக்கிறோம். ஆனால், மிச்ச நேரம் முழுக்க அது என்ன செய்யும்? லீவு நாளில், விளையாட ஆளில்லாமல், வெளியே போகவும் முடியாமல் ஒரே அறையில் உங்களை உட்கார வைத்தால் எப்படி இருக்கும்!

இறகு ஒரு டைரி

எச்சம் சில மணி நேரத்துக் கதையைச் சொல்கிறது. சில வாரங்களின் கதை வேண்டுமானால்? அதற்கு இறகு!

இறகு வளரும்போது அதற்குள் ரத்தம் ஓடும். அப்போது ரத்தத்தில் இருக்கும் ஹார்மோன் கொஞ்சம் கொஞ்சமாக இறகிலும் படிந்துவிடும். வளர்ந்து முடிந்ததும் ரத்த ஓட்டம் நின்றுவிடும். எழுதி மூடிய டைரி மாதிரி. கனடாவைச் சேர்ந்த கேரி போர்ட்டலாட்டி என்ற விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும், இறகில் உள்ள டென்ஷன் ஹார்மோனை அளக்கலாம் என்று 2008இல் கவுதாரி இனப் பறவைகளை வைத்துக் காட்டினார்கள். கிளி தானாக உதிர்க்கும் இறகே இதற்குப் போதும்.

ஆய்வுக்கூடம் இல்லாமல் நீங்களே பார்க்கக்கூடிய ஒரு விஷயமும் உண்டு. மொட்டை மாடியில் கிடக்கும் ஒரு காக்கை இறகை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். குறுக்கே மங்கலான பட்டைகள் தெரிகின்றனவா? ஒரு கறுத்த பட்டையும் ஒரு வெளிறிய பட்டையும் சேர்ந்தால், பெரும்பாலும் ஒரு நாள் வளர்ச்சி. சில இறகுகளில், பிளேடால் கீறியது போல மெல்லிய கோடு ஒன்று குறுக்கே ஓடும். அது வளர்ந்த நாளில் அந்தப் பறவை பசியாலோ பயத்தாலோ தவித்திருக்கலாம். இறகு ஒடிந்தால் அந்தக் கோட்டில்தான் ஒடியும். பார்த்து முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ மறக்காதீர்கள்!

கண்ணும் கன்னமும்

இன்னும் சில வழிகள் இருக்கின்றன. நாம் 'லவ் பேர்ட்ஸ்' என்று கூப்பிடும் சின்னக் கிளிகளைத் தெரியுமல்லவா? அவற்றில் பெரும்பாலானவை ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பட்ஜரிகர் கிளிகள். ஜப்பானிய ஆய்வாளர்கள், வெப்பத்தைப் படம் பிடிக்கும் கேமராவால் அவற்றின் கண்ணைப் பார்த்தார்கள். கையில் பிடித்து வைத்த பிறகு கண்ணின் மேற்பரப்பில் வெப்பம் கூடியிருந்தது. 2015இல் இதை வெளியிட்டார்கள். உடம்பு முழுக்க இறகு மூடியிருக்கிறது; கண் மட்டும் திறந்த ஜன்னல் அல்லவா!

பிரான்சில் மக்கா கிளிகளைப் பார்த்தவர்கள் வேறொன்றைக் கண்டார்கள். நீலமும் மஞ்சளுமாக இருக்கும் இந்தப் பெரிய கிளிக்குக் கன்னத்தில் இறகு மிகக் குறைவு. வெள்ளைத் தோல் தெரியும். பழகிய ஆள் அதைப் பார்த்துப் பேசும்போது அந்தக் கன்னம் சிவந்தது! இது 2018ஆம் ஆண்டு ஆய்வு. கவலையை மட்டும் அல்ல, மகிழ்ச்சியையும் தொடாமல் படிக்கலாம் போலிருக்கிறது.

ஒரே சாட்சி போதாது

எச்சத்தில் ஹார்மோன் அதிகம் என்றதும் "கிளி துன்பப்படுகிறது" என்று உடனே தீர்ப்புச் சொல்லிவிடலாமா? கூடாது. காலையில் ஓர் அளவு, மாலையில் ஓர் அளவு இருக்கும். முட்டையிடும் பருவத்தில் வேறு அளவு. உற்சாகமாக ஓடி ஆடினாலும் கொஞ்சம் ஏறும். நெடுநாள் துன்பப்பட்ட உடம்பில் ஹார்மோன் சுரப்பே குறைந்துபோவதும் உண்டு.

ஆகவே, ஒரே கிளியைப் பல நாள் தொடர்ந்து பார்க்க வேண்டும். ஹார்மோன் ஒரு சாட்சி. நடத்தை இரண்டாவது சாட்சி: ஒரே இடத்தில் முன்னும் பின்னும் நடக்கிறதா, தலையை ஓயாமல் ஆட்டுகிறதா, கம்பியைக் கடித்துக்கொண்டே இருக்கிறதா? உடம்பு மூன்றாவது சாட்சி: இறகு எப்படி இருக்கிறது, எடை குறைகிறதா? எடை பார்க்கவும் கிளியைப் பிடிக்க வேண்டாம். தராசு பொருத்திய கொம்பில் அதுவே வந்து உட்காரும்படி பழக்கலாம். மூன்று சாட்சியும் ஒன்றாகச் சொன்னால்தான் தீர்ப்பு!

தனிமை

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆஸ்திரியாவின் வியன்னா நகரில் சாம்பல் கிளிகளின் செல்களை ஆராய்ந்தார்கள். இதற்கு ரத்தம் எடுக்க வேண்டியிருந்தது. நம் செல்களில் குரோமோசோம்களின் நுனியில், செருப்புக் கயிற்றின் நுனியில் பிளாஸ்டிக் இருப்பது போல 'டெலோமியர்' என்ற பகுதி உண்டு. வயதாக ஆக அது தேய்ந்து குட்டையாகும். தனியாக வளர்ந்த 9 வயதுக் கிளிகளின் டெலோமியர், துணையோடு வாழ்ந்த கிளிகளில் எந்த வயதுக் கிளிக்குச் சமமாக இருந்தது தெரியுமா? அவற்றைவிடச் சராசரியாக 23 வயது மூத்த கிளிகளுக்கு! 2014இல் வெளியான ஆய்வு இது.

கிளி கூட்டமாக வாழும் பறவை. தன் கூட்டத்தின் குரலைக் கற்றுக்கொண்டு அதோடு சேர்ந்து வாழ்வது அதன் இயல்பு. குஞ்சிலேயே பனைமரப் பொந்தில் இருந்து எடுத்துவந்துவிட்டால், அதற்குத் தெரிந்த கூட்டம் நாம் மட்டும்தான். அதனால், நம் குரலைக் கற்றுக்கொள்கிறது. 'அக்கா வா' என்று கிளி கூப்பிடும்போது, உண்மையிலேயே அது கூட்டத்தைத்தான் கூப்பிடுகிறதோ என்னவோ!

என்ன செய்யலாம்?

நம் ஊர்ப் பச்சைக் கிளியைப் பிடிப்பதும், விற்பதும், வீட்டில் வளர்ப்பதும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சட்டம் 1972இல் வந்தது. 2022இல் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் முதல் பச்சைக் கிளிக்கு இன்னும் உயர்ந்த பாதுகாப்புக் கிடைத்திருக்கிறது. வெளிநாட்டு 'லவ் பேர்ட்ஸ்' இந்தத் தடையில் வராது. ஆனால், அவற்றுக்கும் துணையும், இடமும், வேலையும் தேவை.

உங்களுக்குத் தெரிந்த வீட்டில் தாத்தா ஒருவர் பாசமாகக் கிளி வளர்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். என்ன செய்வீர்கள்? ராத்திரியோடு ராத்திரியாகக் கூண்டைத் திறந்துவிடலாம் என்று தோன்றுகிறதா? வேண்டாம், வேண்டாம்! சிறகு வெட்டிய கிளியால் பறக்க முடியாது. கூண்டிலேயே வளர்ந்த கிளிக்கு இரை தேடவும் தெரியாது, பூனைக்குப் பயப்படவும் தெரியாது. விடிவதற்குள் அதன் கதை முடிந்துவிடும்.

சரியான வழி, வனத்துறையிடம் ஒப்படைப்பது. ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் இரண்டு ஊர்களிலும் வனச்சரக அலுவலகம் இருக்கிறது. 2023இல் மதுரையில் வனத்துறை கேட்டுக்கொண்டதும், பலர் தாங்களே முன்வந்து கிளிகளைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். வெட்டிய சிறகு, பழைய இறகு உதிர்ந்து புது இறகு முளைக்கும்போது சரியாகிவிடும். கொஞ்சம் கொஞ்சமாகப் பறக்கப் பழகி, தேறிய பிறகுதான் வெளியே விட வேண்டும். தாத்தாவைத் திட்டாதீர்கள். அவர் அன்பில் குறை இல்லை. இந்தப் பக்கத்தை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். அம்மா, அப்பாவிடமும் சொல்லுங்கள்.

நீங்களும் விஞ்ஞானிதான்!

கிளியின் எச்சத்தை நீங்கள் தொட வேண்டாம். அதில் இருந்து மனிதருக்குக் காய்ச்சல் தொற்றக்கூடும். ஆனால், இரண்டாவது சாட்சியை நீங்களே விசாரிக்கலாம். தேவை ஒரு நோட்டு, ஒரு பென்சில், ஒரு கடிகாரம்.

சாயங்காலம் கிளிகள் வந்து அடையும் மரத்தில் இருந்து தள்ளி உட்காருங்கள். ஒரே ஒரு கிளியைக் கண்ணில் வைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு ஒரு முறை, அந்த நொடியில் அது என்ன செய்கிறது என்று ஒரே வார்த்தையில் எழுதுங்கள்: 'தின்கிறது', 'கத்துகிறது', 'இறகு கோதுகிறது', 'பக்கத்துக் கிளியோடு சண்டை', 'பறந்துவிட்டது'. பறந்துவிட்டால் வேறொரு கிளியைப் பிடித்துக்கொள்ளுங்கள், கண்ணால்தான்! இருபது நிமிடத்தில் இருபது வார்த்தை சேர்ந்திருக்கும். பத்து நாள் செய்தால் இருநூறு. சுதந்திரமான கிளியின் சாயங்காலம் எப்படி இருக்கும் என்பதற்கு உங்களிடம் ஒரு கணக்கு இருக்கும்.

பிறகு, தெரிந்தவர் வீட்டில் கூண்டுக் கிளி இருந்தால், தூரத்தில் நின்று அதையும் இருபது நிமிடம் பாருங்கள். இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். எந்த வார்த்தை ஒன்றில் இருக்கிறது, மற்றொன்றில் இல்லை என்று வட்டம் போடுங்கள்.

அந்த நோட்டைத் தாத்தாவிடம் காட்டுங்கள். நாம் சொல்வதைவிட, கிளி சொன்னதை அவர் கேட்பார்.